இஃராழ்: பாராமுகம்



அல்குர்ஆனிலே வரும் ஒரு சொல்லை எடுத்து, அதன் வேர் எது, அறபிகள் அதனை எங்கே எவ்வாறு வழங்கினார்கள், எமது அன்றாட வாழ்க்கைக்கு அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது இப்பகுதியின் வழமை. இம்மாதம் நாம் எடுத்துக் கொள்ளும் சொல் "இஃராழ்" என்பதாகும்.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெண்களுக்கான மார்க்க வகுப்புகள் முடிந்து எல்லோரும் எழுந்து செல்லும் நேரத்தில், யாரேனும் ஒருவர் சற்றுப் பிந்தி நின்று கேட்கும் கேள்வி ஒன்றிருக்கிறது. ஊர் மாறும், வயது மாறும், கேள்வி மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

"மௌலவி, அவர் அடிக்கிற மனிசன் இல்லை. ஏசவும் மாட்டார். செலவுக்கும் குறை வைக்கிறதில்லை. ஆனால் முந்தி மாதிரி இல்லை. என்னோடு கதைக்கிறதே குறைந்து போய்விட்டது. ஏன் என்று கேட்டால் 'ஒன்றுமில்லையே' என்கிறார். உம்மாவிடம் சொன்னால், 'சாப்பாட்டுக்குத் தருகிறார், வேறென்ன வேண்டும், இதெல்லாம் ஒரு குறையா?' என்று கேட்கிறார். இதற்கு மார்க்கத்திலே ஏதாவது பெயர் இருக்கிறதா, அல்லது நான்தான் வீணாக மனதைப் போட்டு அலட்டிக் கொள்கிறேனா?"

சகோதரிகளே, பெயர் இருக்கிறது. பெயர் மாத்திரமல்ல, அதற்கென்று ஒரு வசனமும் இருக்கிறது. ஸூறதுன் நிஸாவின் 128ஆம் வசனம், தன் கணவனிடமிருந்து "நுஷூஸ்" அல்லது "இஃராழ்" ஏற்படும் என அஞ்சும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறது. அடிபட்ட பெண்ணைப் பற்றியோ, துரத்தப்பட்ட பெண்ணைப் பற்றியோ அல்ல. கணவன் தன்னை விட்டும் மெல்ல மெல்ல விலகுகிறானோ என்று உள்ளத்தில் அஞ்சும் பெண்ணைப் பற்றி. அந்த அச்சத்தை அல்லாஹ் அற்பமானதாகக் கொள்ளவில்லை. அதற்குத் தன் வேதத்திலே இடம் கொடுத்திருக்கிறான். "இதெல்லாம் ஒரு குறையா?" என்று கேட்பவர்கள் முதலில் இதனைக் கவனிக்க வேண்டும்.

வேரும் பொருளும்

இஃராழ் என்ற சொல் ஐன், றா, ழாத் என்ற மூன்று எழுத்துக்களிலிருந்து பிறக்கிறது. இந்த வேரிலிருந்து வரும் "அர்ழ்" என்பதற்கு அகலம் என்று பொருள். "உர்ழ்" என்றால் ஒரு பொருளின் பக்கம், ஓரம். அல்குர்ஆனின் சொற்களுக்கு அகராதி தொகுத்த இமாம் றாகிப் அல்இஸ்பஹானி அவர்கள், "அஃரழ" என்ற வினைக்கு மூலப் பொருள் தன் பக்கத்தைக் காட்டுதல் என்று விளக்குகிறார்கள்.

அதிலே ஓர் அழகான நுட்பமும் உண்டு. இதே வினையோடு "லாம்" என்ற இடைச்சொல் சேர்ந்து "அஃரழ லீ" என்று வந்தால், ஒரு பொருள் தன் பக்கம் தெரியும்படி என் முன்னே வந்தது, எடுத்துக் கொள்ளும் தூரத்தில் வந்தது என்று பொருள்படும். "அன்" என்ற இடைச்சொல் சேர்ந்து "அஃரழ அன்னீ" என்று வந்தால், தன் பக்கத்தைக் காட்டி என்னை விட்டும் திரும்பிக் கொண்டான் என்று பொருள்படும். ஒரே வினைதான். ஒரு சிறிய இடைச்சொல்லே நெருங்குவதையும் விலகுவதையும் பிரித்து விடுகிறது.

அறபு மொழியில் விலகுவதைக் குறிக்க வேறு சொற்களும் இருக்கின்றன. "தவல்லீ" என்பது முதுகைக் காட்டித் திரும்பிப் போவது. "ஹஜ்ர்" என்பது விட்டு விடுவது, துறந்து செல்வது. ஊரைத் துறந்து செல்வதற்கு ஹிஜ்றத் என்ற பெயர் வந்தது இந்த வேரிலிருந்துதான். இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இஃராழ் எவ்வளவு சத்தமில்லாத சொல் என்பது விளங்கும். இஃராழ் செய்பவன் ஊரை விட்டுப் போகவில்லை. வீட்டை விட்டும் போகவில்லை. முதுகைக்கூடக் காட்டவில்லை. அங்கேயேதான் இருக்கிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவேதான் வெளியாருக்கு அது தெரிவதில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் மனைவிக்கு மட்டும் தெரிகிறது.

எமது தமிழ் மொழிபெயர்ப்புகளிலே இச்சொல்லுக்குப் பெரும்பாலும் "புறக்கணிப்பு" என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. புறம் என்பதிலே பக்கம், முதுகு என்ற பொருள்கள் இருக்கின்றன. ஆனால் இக்காலத்தில் புறக்கணிப்பு என்றதும் தேர்தலைப் புறக்கணித்தல், கூட்டத்தைப் புறக்கணித்தல் என்று அறிவித்துச் செய்யும் காரியமே நினைவுக்கு வருகிறது. இஃராழ் எந்த அறிவிப்பும் இல்லாமல் நடப்பது. அதற்கு எமது பேச்சிலே நல்லதொரு சொல் இருக்கிறது: "பாராமுகம்". முகம் இருக்கிறது, பார்வை இல்லை. குடும்ப விடயங்களில் இஃராழ் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை.

நுஷூஸ் வேறு, இஃராழ் வேறு

அவ்வசனத்தில் நுஷூஸ் என்றும் இஃராழ் என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல.

நுஷூஸ் என்பதன் வேர் "நஷ்ஸ்". மேடான நிலத்துக்கு அறபிகள் அப்படிச் சொல்வார்கள். வாழ்க்கைத் துணையை விடத் தன்னை மேலே உயர்த்திக் கொண்டு, கடமையை மறுத்து, வெறுப்போடு நடந்து கொள்வதே நுஷூஸ். எமது சமூகத்திலே நுஷூஸ் என்றதும் மனைவி கணவனுக்கு மாறு செய்வதுதான் என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அதே ஸூறாவின் 34ஆம் வசனம் மனைவியின் நுஷூஸைப் பற்றிச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் 128ஆம் வசனம் கணவனின் நுஷூஸைப் பற்றிச் சொல்கிறது. குர்ஆன் இருவருக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. மிம்பர்களிலே முதலாவது வசனம் கேட்ட அளவுக்கு இரண்டாவது வசனம் கேட்டிருக்கிறதா என்பதை வாசகர்களே சொல்ல வேண்டும்.

இனி இஃராழுக்கு வருவோம். ஹிஜ்ரி 538இல் (கி.பி. 1144) மறைந்த ஸமக்ஷரீ அவர்கள் தமது தப்ஸீரான கஷ்ஷாபில், மனைவியோடு பேசுவதையும் அவளோடு அன்னியோன்னியமாக இருப்பதையும் குறைத்துக் கொள்வதே இங்கு இஃராழ் என்று விளக்குகிறார்கள். ஹிஜ்ரி 671இல் (கி.பி. 1273) மறைந்த இமாம் குர்துபீ அவர்களும், நுஷூஸ் என்பது விலகிப் போவது, இஃராழ் என்பது அவளோடு கதையாமலும் நெருங்கிப் பழகாமலும் இருப்பது என்று முன்னோர் ஒருவர் கூறிய வேறுபாட்டை எடுத்தெழுதியிருக்கிறார்கள்.

சற்று நின்று யோசியுங்கள். எட்டு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர்கள், பேச்சுக் குறைந்து போவதை ஒரு மனைவியின் முறைப்பாடாக ஏற்று, கிதாபிலே எழுதி வைத்திருக்கிறார்கள். நாமோ இன்று, "தீன் தருகிறார், துணி தருகிறார், பிறகென்ன?" என்று அவள் வாயை அடைத்து விடுகிறோம். உணவும் உடையும் மனைவியின் உரிமை. முகமும் அவள் உரிமைதான்.

தொங்க விடப்பட்டவள்

இதற்கு அடுத்த வசனமான 129, ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை உடையவர்களுக்குச் சொல்கிறது: ஒருத்தியின் பக்கம் முற்றாகச் சாய்ந்து, மற்றவளை "முஅல்லகா"வாக விட்டு விடாதீர்கள் என்று. முஅல்லகா என்றால் தொங்க விடப்பட்டவள். கணவன் இருக்கிறான் என்று சொல்லவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் முடியாமல் நடுவிலே தொங்குபவள். வசனம் பலதார மணத்தைப் பற்றியது என்றாலும், ஒரே மனைவியோடு வாழும் வீட்டிலும் ஒரு பெண் இப்படித் தொங்கிக் கொண்டிருக்கலாம் என்பதை நாம் காண்கிறோம்.

இதே சொல் ஒரு ஹதீஸிலும் வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான உம்மு ஸர்உ ஹதீஸ் அது. 11 பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து, தம் கணவர்மாரைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்வதென்று பேசிக் கொண்ட கதையை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்கிறார்கள். அவர்களிலே மூன்றாமவளின் நிலை என்னவென்றால், அவள் வாய் திறந்தால் தலாக் சொல்லப்படுவாள், வாய் மூடியிருந்தால் தொங்க விடப்படுவாள். எமது பெண்கள் பலர் பேசாதிருப்பதற்கும் இதுதான் காரணம். சொன்னால் உள்ளதும் போய்விடுமோ என்ற பயம்.

அந்த ஹதீஸிலே இன்னொரு படிப்பினையும் உண்டு. 11 பெண்களின் கதை நீளமானது. ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்லச் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் முழுவதையும் கேட்டுக் கொண்டிருந்தார்கள். முடிவிலே, கதையில் வரும் பெண்ணிடம் அன்பு காட்டிய அபூ ஸர்உவைப் போல நான் உமக்கு இருக்கிறேன் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். வஹீயைச் சுமந்தவர்கள், ஒரு சமுதாயத்தின் பொறுப்பைச் சுமந்தவர்கள், மனைவி சொல்லும் நீண்ட கதையைக் கேட்க நேரம் வைத்திருந்தார்கள். எமக்கு நேரமில்லை. நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கைத்தொலைபேசியின் வெளிச்சம் கன்னத்தில் விழ, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கொள்கிறோம். பக்கத்தைக் காட்டுதல் என்று றாகிப் அவர்கள் சொன்ன பொருளுக்கு இக்காலத்தில் இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

எல்லா மௌனமும் இஃராழ் அல்ல

ஒரு சொல்லின் பொருளைப் படிக்கும்போது, எங்கே அதனைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றிரவே சிலர் வீட்டில் போய், "நீங்கள் இஃராழ் செய்கிறீர்கள்!" என்று சண்டை தொடங்கி விடக்கூடும்.

முதலாவது, கோபம் வேறு, இஃராழ் வேறு. புகாரியில் வரும் ஒரு செய்தியைப் பாருங்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தம்மோடு மகிழ்ச்சியாக இருக்கும் வேளையும் மனவருத்தமாக இருக்கும் வேளையும் தமக்குத் தெரியும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மகிழ்ச்சியாக இருந்தால் முஹம்மதின் றப்பின் மீது ஆணையாக என்று சத்தியம் செய்வார்கள். வருத்தமாக இருந்தால் இப்றாஹீமின் றப்பின் மீது ஆணையாக என்பார்கள். அதற்கு ஆயிஷா (ரழி) அவர்கள், ஆமாம், ஆனால் தாங்கள் பெயரை மட்டுமே நான் விட்டு விடுகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அங்கே அவர்கள் பயன்படுத்திய சொல் "ஹஜ்ர்". பெயருக்குத்தான் ஹஜ்ர், உள்ளத்துக்கு அல்ல. நபி (ஸல்) அவர்களும் அந்தச் சிறிய மாற்றத்தைக் காதால் கேட்டு மனதில் குறித்து வைத்திருந்தார்கள். இதற்குத் தமிழிலே ஊடல் என்று பெயர். திருக்குறள் இதனைச் சாப்பாட்டுக்குப் போடும் உப்புக்கு ஒப்பிடுகிறது. அளவோடு இருந்தால் சுவை, கூடினால் கெட்டு விடும். ஊடுபவள், அவர் கவனிப்பார் என்ற நம்பிக்கையிலேதான் ஊடுகிறாள். அந்த நம்பிக்கை இருக்கும் வரை அது இஃராழ் ஆகாது.

இரண்டாவது, தூரத்தினால் வரும் கூச்சமும் இஃராழ் அல்ல. எமது ஊர்களிலே எத்தனையோ பேர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கப் போய், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். சில வீடுகளில் போனவர் கணவன், சில வீடுகளில் போனவள் மனைவி. வந்த முதல் வாரம் பிள்ளை மடிக்கு வராது. கணவன் மனைவிக்குள்ளும் என்ன கதைப்பது என்று தெரியாத ஒரு நிலை இருக்கும். அறபியில் இதனை "வஹ்ஷத்" என்பார்கள். "உன்ஸ்" என்ற நெருக்கத்துக்கு எதிர்ச்சொல் அது. இது காலத்தாலும் பழக்கத்தாலும் தீரக் கூடியது. எகிப்து நாட்டவர் பேச்சு வழக்கில் "உன்னைக் காணாமல் தவித்தேன்" என்று சொல்வதற்கும் இந்த வஹ்ஷத்தின் வேரிலிருந்து வரும் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். அன்பு இருப்பதனால்தான் அந்த வஹ்ஷத்.

மூன்றாவது, கடன், நோய், தொழிலில் நஷ்டம், மனச்சோர்வு இவற்றாலும் ஓர் ஆண் மௌனமாகி விடுவதுண்டு. அவன் மனைவியிடமிருந்து திரும்பவில்லை, தன் பாரத்தைத் தனியாகத் தூக்கப் பார்க்கிறான். அவனைப் பாராமுகமானவன் என்று குற்றம் சாட்டினால் பாரம் இரண்டு மடங்காகும். ஆகவே பெயர் வைப்பதற்கு முன் கேட்டறிய வேண்டும்.

நல்ல இஃராழும் உண்டு

இதே சொல் நற்குணமாகவும் குர்ஆனில் வருகிறது. வீண் பேச்சை விட்டும் இஃராழ் செய்வது முஃமின்களின் பண்பு என்று ஸூறதுல் முஃமினூன் சொல்கிறது. அறியாதவர்களை விட்டும் இஃராழ் செய்யும்படி ஸூறதுல் அஃராப் சொல்கிறது.

இவற்றிலும் எமக்கு மிக நெருக்கமானது ஸூறதுத் தஹ்ரீமின் மூன்றாம் வசனம். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருள் ஒருவரிடம் இரகசியமாகச் சொன்ன விடயம் வெளியே போய்விட்டது. அல்லாஹ் அதனை நபியவர்களுக்கு அறிவித்தான். அவர்கள் அந்த மனைவியிடம் அதிலே ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். மற்றப் பகுதியை விட்டும் "இஃராழ்" செய்தார்கள். அதாவது, எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு அவரை வெட்கப்படுத்தவில்லை.

சகோதரிகளே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவியின் குறையை விட்டும் முகத்தைத் திருப்பினால் அது ஸுன்னத். மனைவியையே விட்டும் முகத்தைத் திருப்பினால் அது அவள் அஞ்சும் பாராமுகம். மனைவியருக்கும் இதே கணக்குத்தான். மாமியார் மருமகள், லாத்தா தங்கச்சி, மச்சி மதினி எல்லோருக்கும் இதே கணக்குத்தான். நாமோ பெரும்பாலும் மாற்றிச் செய்கிறோம். குறையை விடாமல் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதை விட்டு விடுகிறோம்.

எதனால் வருகிறது?

ஸமக்ஷரீ அவர்கள் இஃராழுக்கான காரணங்களையும் வரிசைப்படுத்துகிறார்கள். மனைவிக்கு வயது கூடுவது, தோற்றத்திலோ குணத்திலோ காணும் ஏதோ ஒன்று, சலிப்பு, வேறொருத்தியின் மீது கண் போவது. இவற்றுள் சலிப்பு என்பதை அறிஞர் தனியாகக் குறிப்பிட்டிருப்பது கவனிக்கத் தக்கது. எந்தக் குற்றமும் இல்லாமலேயே சலிப்பு வரலாம். அப்படியானால் "நான் என்ன பிழை செய்தேன்?" என்று இரவெல்லாம் தன்னையே கேட்டுக் கொண்டிருக்கும் பெண், தன்னிடம் இல்லாத பிழையைத் தேடிக் கொண்டிருக்கிறாள் என்றாகிறது.

இன்னுமொரு காரணத்தை ஸூறா புஸ்ஸிலத்தின் 51ஆம் வசனத்திலிருந்து விளங்கிக் கொள்ளலாம். மனிதனுக்கு அருள் கிடைத்தால் அவன் இஃராழ் செய்து ஒதுங்கிக் கொள்கிறான், தீங்கு தொட்டால் "அரீழ்" ஆன, அதாவது அகலமான துஆவோடு வருகிறான் என்ற கருத்தை அது சொல்கிறது. இஃராழும் அரீழும் ஒரே வேர். அது அடியான் தன் இறைவனோடு நடந்து கொள்ளும் முறை பற்றியது. என்றாலும் மனிதனின் இந்தச் சுபாவத்தை நாம் வீடுகளிலும் காண்கிறோம். கஷ்டத்திலே ஒரு கோப்பைத் தேநீரைப் பகிர்ந்து குடித்து, ஒன்றாக இருந்து கணக்குப் பார்த்தவர்கள், கடை இரண்டு மூன்றாகி, வீடு மாடி வீடான பிறகு ஆளுக்கொரு அறையாகி விடுகிறார்கள். வறுமையைத் தாங்கிய அன்பு வசதியைத் தாங்கவில்லை.

வசனம் காட்டும் வழி

128ஆம் வசனம் நோயைச் சொல்லி விட்டு நின்று விடவில்லை.

முதலாவது, அஞ்சும்போதே என்று சொல்கிறது. எல்லாம் முறிந்த பிறகு என்று சொல்லவில்லை. பத்து வருடம் பொறுத்துப் பொறுத்து, ஒரு நாள் வெடித்து, மறுநாள் ஊரைக் கூட்டுவதல்ல வழி. மனதில் அந்த அச்சம் முளைக்கும்போதே பேசலாம், அதிலே வெட்கமில்லை என்பது வசனத்தின் போக்கிலிருந்து விளங்குகிறது.

இரண்டாவது, அவ்விருவரும் தமக்கிடையே ஸுல்ஹு செய்து கொள்வதைச் சொல்கிறது. இரு குடும்பத்திலிருந்தும் மத்தியஸ்தர்களை நியமிப்பது 35ஆம் வசனத்தில் உண்டு. பிளவு அஞ்சப்படும்போது அதுவும் தேவைப்படும். ஆனால் பாராமுகத்துக்கு முதல் மருந்து இருவருக்கிடையிலான பேச்சு. மாமியின் முன்னால், மச்சான்மாரின் முன்னால் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் பேச்சாக இருப்பதில்லை, வழக்காகி விடுகிறது. பிள்ளைகள் உறங்கிய பின், குற்றப் பட்டியல் இல்லாமல், "நீங்கள் என்னோடு கதைக்காமலிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்ற ஒரு வார்த்தையில் தொடங்கலாம்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஸுல்ஹு என்றால் மனைவி தன் உரிமைகளை எல்லாம் விட்டுக் கொடுத்து வாய் மூடியிருப்பது என்று சிலர் சொல்கிறார்கள். அவள் விரும்பினால் தன் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக் கொடுக்க வசனம் அனுமதி தருகிறது. அனுமதி வேறு, கட்டாயம் வேறு. ஒரு மனைவி தன் முறை இரவை விட்டுக் கொடுத்தாலும், விரும்பும்போது அதனைத் திரும்பக் கோரலாம் என்றே எமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களும் சொல்கின்றன.

மூன்றாவது, உள்ளங்களோடு "ஷுஹ்ஹு" ஒட்டியிருக்கிறது என்று வசனம் எச்சரிக்கிறது. ஷுஹ்ஹு என்றால் கடும் கஞ்சத்தனம். விலகிப் போவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஏன் கஞ்சத்தனம் பற்றிச் சொல்லப்படுகிறது? தன் பங்கை விட்டுக் கொடுக்க இருவருக்கும் மனம் வராது என்பதனால் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். பணத்தில் மட்டுமா கஞ்சத்தனம்? ஒரு சிரிப்பைக் கொடுக்க மனம் வராதது, "கறி நன்றாக இருக்கிறது" என்று சொல்ல வாய் வராதது, "அவர் முதலில் கதைக்கட்டும்" என்று இருவரும் காத்திருப்பது, இவையும் அதில் சேரும். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று இரவுகளுக்கு மேல் உறவை வெறுத்திருப்பது கூடாது என்று அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலும், இருவரும் சந்திக்கும்போது இவரும் திரும்பிக் கொள்கிறார், அவரும் திரும்பிக் கொள்கிறார் என்று சொல்லுமிடத்தில் இஃராழின் வினைதான் வருகிறது. அவ்விருவரில் சிறந்தவர் ஸலாத்தைக் கொண்டு தொடங்குபவரே என்று அந்த ஹதீஸ் முடிகிறது. பிழை யாருடையது என்று அது கேட்கவில்லை. தொடங்கியவர் யார் என்றே கேட்கிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி வைக்கிறேன். அடி, உதை, செலவு கொடாமை, இழிவுபடுத்தல், இவை பாராமுகம் அல்ல. அவை அநியாயம். அவற்றுக்கு முன்னால் பெண்ணைப் பொறுமை என்ற பெயரில் மௌனமாக்குவது மார்க்கம் அல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மனைவி காழி நீதவானிடம் பராமரிப்புக் கோரவும், தக்க காரணத்தின் பேரில் பஸ்ஹு விவாகரத்துக் கோரவும் வழி வைத்திருக்கிறது. அந்த வாசலைத் தட்டுவது குடும்பத்தை அவமானப்படுத்துவதல்ல.

கணவர்மாருக்கு ஒரு வார்த்தை

இவ்விதழை வாசித்து முடித்ததும், இந்தப் பக்கத்தை மேலே வைத்து மேசையில் விட்டு விடுங்கள். கண்ணில் பட்டால் படட்டும்.

சகோதரரே, மனைவியோடு நன்முறையில் வாழும்படி அதே ஸூறாவின் 19ஆம் வசனம் உமக்குக் கட்டளையிடுகிறது. மனதுக்குப் பிடிக்காமல் போனாலும்கூட, நீர் வெறுக்கும் ஒன்றிலே அல்லாஹ் நிறைய நன்மையை வைத்திருக்கக் கூடும் என்றும் அது நினைவூட்டுகிறது. மனச்சாய்வு உமது கையில் இல்லாமலிருக்கலாம். முகம் உமது கையில் இருக்கிறது. காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது ஒரு ஸலாம், இரவில் வந்ததும் "இன்றைக்கு எப்படி?" என்று ஒரு கேள்வி, அவள் பதில் சொல்லும்போது கையிலுள்ளதைக் கீழே வைப்பது, இவற்றுக்குச் செலவில்லை. உள்ளம் பல வேளைகளில் முகத்தைப் பின்தொடர்ந்து வந்து விடுகிறது.

நபி (ஸல்) அவர்களின் அங்க அடையாளங்களை வர்ணிக்கும் ஷமாயில் நூலில் ஒரு சிறிய குறிப்பு உண்டு. அவர்கள் யாரையேனும் நோக்கித் திரும்பினால் முழு உடலோடும் திரும்புவார்கள் என்பது அது. கழுத்தை மட்டும் திருப்பி, ஓரக் கண்ணால் பார்ப்பது அவர்கள் வழக்கமல்ல. எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் முழுமையாக அவர் பக்கம் திரும்பினார்கள். பக்கத்தைக் காட்டும் இஃராழுக்கு நேர் எதிரானது இந்த ஸுன்னத்.

தாடியிலும் உடையிலும் ஸுன்னத்தைத் தேடும் நாம், இந்த ஸுன்னத்தை எமது வீட்டுச் சாப்பாட்டுப் பாயிலே இன்றைக்கே தொடங்கலாம். யார் முதலில் என்று பார்த்திருக்காமல், முந்திக் கொள்பவராக நாமே இருப்போம். அல்லாஹ் எமது வீடுகளில் உன்ஸையும் ரஹ்மத்தையும் நிலைக்கச் செய்வானாக.

அடுத்த மாதம் இன்னொரு சொல்லோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.